தோளுக்கு ஏற்ற துப்பாக்கி

பாண்டுப் மேற்கில், மலைச்சரிவை ஒட்டிய குடியிருப்பொன்றில் வாழும் நெல்லைச் சீமை அன்பர் ஒருவர் சென்ற திங்கள் நம்மை நாடி வந்தார். கல்லூரியில் தேசிய மாணவர் படையில் சேர்ந்துள்ள அவர்தம் புதல்வன், முகாமிலிருந்து திரும்பிய நாள் தொட்டு, "எனக்கொரு ரைபிள் வேண்டும்" என்று நச்சரிக்கிறானாம். தகரக் குவளைகளை வரிசையாக வைத்துச் சுட்டுப் பழகவேண்டும், பின்னொரு நாள் வேட்டைக்கும் போகவேண்டும் என்பது பிள்ளையின் ஆசை. "ஊரில் என் தகப்பனார் விட்டுச்சென்ற லைசென்ஸ் துப்பாக்கி பரண்மேல் கிடக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது எடுத்து வந்துவிடட்டுமா? அன்றி மலிவாக ஒன்றை இங்கேயே வாங்கலாமா?" என்று அவர் வினவினார்.

முதல் யோசனையைக் கேட்டதும் நாம் பதறித்தான் போனோம். லைசென்ஸ் என்பது ஆளுக்கு உரியதேயன்றித் துப்பாக்கிக்கு உரியதன்று. அது தகப்பனாரோடு முடிந்துவிட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அத்தகைய ஆயுதத்தைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறவேண்டும். வாரிசு தம் பெயரில் உரிமம் பெற்ற பின்னரே மீட்கலாம். அஃதின்றி அதைத் துணிமூட்டையில் சுற்றி ரயிலேற்றி வந்தால், சோதனையில் அகப்பட்ட நாளில் சிறைவாசம் காத்திருக்கும். "நம் அப்பாவுடையதுதானே" என்ற சமாதானம் அங்கே செல்லாது.

இனித் துப்பாக்கியைப் பற்றிப் பேசுவோம். பையன் முகாமில் கையாண்டது '.22' எனப்படும் சிறு ரைபிள். அதன் குழல்வாய் ஐந்தரை மில்லிமீட்டருக்குச் சற்றே மிகுதி. கதவின் தாழ்ப்பாளைப்போல் ஒரு கைப்பிடியை மேலே தூக்கிப் பின்னே இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே தெறிக்கும். முன்னே தள்ளிக் கீழே மடக்கினால் புதுத் தோட்டா உள்ளே அமர்ந்து பூட்டிக்கொள்ளும். இதுவே 'போல்ட் ஆக்ஷன்' முறை. ஒவ்வொரு குண்டுக்கும் கை ஒருமுறை உழைத்தாக வேண்டுமாதலால் அவசரத்துக்கு இடமில்லை. பின்னே இழுத்துத் திறந்து வைத்தால், உள்ளே தோட்டா உண்டா இல்லையா என்பதை அருகில் நிற்பவரும் கண்ணாரக் காணலாம். பழகுவோர்க்கு இதனினும் தகுந்த அமைப்பு வேறொன்றிருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

அடுத்தது உதைப்பு. குண்டு முன்னே பாயும் விசைக்கு ஈடாகத் துப்பாக்கி பின்னே தோளை இடிக்கிறது. .22 குண்டின் எடை இரண்டரை கிராமுக்குச் சற்று மேல். மூன்று கிலோ ரைபிள் அதன் உதைப்பை ஏறத்தாழ விழுங்கிவிடுகிறது. கல்கத்தாவை அடுத்த இச்சாப்பூர்த் தொழிற்சாலையின் .315 ரைபிளோ வேறு ரகம். .303 போன்ற ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்களுக்கு விலக்கப்பட்டமையால் அதற்கு மாற்றாக வந்தது அது. அதன் குண்டு .22 குண்டினும் ஏறக்குறைய ஆறு மடங்கு கனம், வேகமும் மிகுதி. இளவயதில் ஊர் மிராசுதாரர் ஒருவரின் கனத்த துப்பாக்கியை ஒரே ஒருமுறை சுட்ட அனுபவம் நமக்குண்டு. தோளில் ஏறிய கன்றல் ஒரு வாரத்தில் மறைந்தது. ஆனால் விசையைத் தொடுமுன்பே கண்ணை இறுக மூடும் வழக்கம் மறைய ஆண்டுகள் ஆயின. குறி தவறுவதற்குக் கையினும் இந்த அச்சமே பெருங்காரணம். ஆதலின் தொடக்கத்தில் உதைப்புக் குறைந்ததைத் தேர்வது கோழைத்தனமன்று, விவேகம்.

விலை மலிவு என்று மட்டும் பார்த்துவிடலாகாது. கட்டை தோளுக்கு அளவாக இருக்கவேண்டும். முழங்கையை மடக்கி, கட்டையின் அடியை அதன் மடிப்பில் பொருத்தினால் சுட்டுவிரல் விசையை இயல்பாய்த் தொடவேண்டும். எட்டிப் பிடிக்க நேர்ந்தால் அந்த ரைபிள் அப்பிள்ளைக்கு நீளம்.

பழைய செக் நாட்டு பெர்னோ, ஆங்கிலேய பி.எஸ்.ஏ. ரைபிள்களைப் பற்றி முதியோர் பெருமையாகச் சொல்லக் கேட்கலாம். நல்லவைதாம். ஆனால் தனியார் இறக்குமதி பல்லாண்டுகளாக அடைபட்டிருப்பதால், கைமாறி வரும் அவற்றின் விலை அவற்றின் வயதோடு ஏறிக்கொண்டே போகிறது. தேர்ந்த போட்டி வீரர்களுக்கு மட்டுமே இறக்குமதிச் சலுகை உண்டு.

வேட்டை என்ற சொல்லை நம் அன்பர் சொன்னபோது, ஜன்னல் வழியே தெரிந்த மலையைச் சுட்டிக் காட்டினோம். அது சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா; சிறுத்தைகளின் இருப்பிடம். கிழக்கே இருப்புப்பாதையைத் தாண்டினால் உப்பளங்கள். அதற்கப்பால் நாரைக் கூட்டம்போல் பூநாரைகள் இறங்கும் தாணே கழிமுகம். 2015இல் அது சரணாலயமாயிற்று. 2022இல் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991ஆம் ஆண்டுத் திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டையை இந்நாட்டில் அறவே ஒழித்துவிட்டன. காடை, முயல், கொக்கு எதற்கும் விலக்கில்லை. ஊரில் பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியை மட்டுமாவது சுடலாமே என்பார் சிலர். அதற்கும் வனத்துறையின் வழியாகத்தான் செல்லவேண்டும்.

குவளை சுடுவதும் மொட்டைமாடியில் நடவாது. சிறிதென்று நாம் எண்ணும் .22 குண்டு, தடையின்றிப் போனால் ஒன்றரைக் கிலோமீட்டரையும் கடக்க வல்லது. பாண்டுப்பின் நெரிசலில் அத்தூரத்துக்குள் எத்தனை வீடுகள், எத்தனை பள்ளிகள் என்று எண்ணிப் பார்க்கவும்.

அப்படியானால் வழியே இல்லையா? உண்டு. .22 ரைபிளை இலக்குப் பயிற்சிக்கென்று கேட்பவர், மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற ரைபிள் சங்கத்தின் உறுப்பினராயிருந்தால், உரிமம் வழங்குவதில் ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு அவருக்குச் சாதகமாக நிற்கிறது. பம்பாயில் விண்ணப்பம் போலீஸ் கமிஷனர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். வயது 21 நிறைந்திருக்கவேண்டும். அதற்குக் குறைந்தோர், 12 வயது கடந்திருந்தால், பயிற்றுநரின் மேற்பார்வையில் பழகலாம். வொர்லியில் மகாராஷ்டிர ரைபிள் சங்கத்தின் சுடுதளம் இருக்கிறது. தளத்துத் துப்பாக்கியிலேயே சில மாதம் பழகிப் பார்த்தால், சொந்தத் துப்பாக்கி வேண்டுமா என்பதே தெளிந்துவிடும்.

அதற்கும் முன்படி, காற்றுத் துப்பாக்கி. 2016ஆம் ஆண்டு விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் வாயும் 20 ஜூலுக்கு மேற்படாத விசையும் உடையதற்கு உரிமம் வேண்டுவதில்லை. போட்டிக்குரிய அயல்நாட்டு ரகங்கள் லட்சக்கணக்கில் விலைபோகின்றன. பழகுவதற்கு உள்நாட்டு ரகம் போதும். அதை அற்பமென்று எண்ணற்க. பத்து மீட்டர்ப் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய நடுப்பொட்டு அரை மில்லிமீட்டர்தான்! கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், நம்மைப்போல் ஊர்விட்டு ஊர்வந்த குடும்பத்துப் பெண்தான். அந்தப் பொட்டைக் குறிவைத்தே டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டுக்கும் சென்றார். சென்னையில் பிறந்த ககன் நாரங் 2012இல் லண்டனில் வெண்கலம் வென்றதும் இதே பிரிவில்தான். கோலாப்பூர்ப் பக்கத்து ஸ்வப்னில் குசாலே 2024இல் பாரிஸில் வெண்கலம் பெற்றதோ .22 ரைபிளில், ஐம்பது மீட்டரில்.

அன்பர் அன்றிரவே ஊரிலுள்ள தம்பிக்குப் போன் செய்து, பரண்மேலுள்ளதைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீதை அனுப்பச் சொல்லிவிட்டார். தாயார்க்குத்தான் மனத்தாங்கல், மாமனார் நினைவாக வீட்டில் இருந்த ஒரே பொருள் அதுவாம். பையனோ, ஞாயிறன்று தாதரில் வண்டி மாறி வொர்லிக்குப் போக எத்தனை மணிக்குப் புறப்படவேண்டும் என்று நம்மிடமே கேட்டுப் போயிருக்கிறான்.