வீட்டுத் தயாரிப்பு பன், பிஸ்கட் வகைகளைக் கெடாமல் காப்பது எப்படி?



விடியற்காலையில் போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப் ஏறும் தொழிலாளர்கள், பன்னோ ரஸ்க்கோ வாங்கிக்கொண்டுதான் மலையேறுகிறார்கள். முன்பு இச்சரக்கு பெரும்பாலும் பேக்கரிகளிலிருந்தே வந்தது. இப்போது வீட்டில் சிறிய ஓவன் வைத்திருக்கும் பெண்களும் பன், கேக், ரஸ்க், நெய் பிஸ்கட் செய்து நம் கடைகளுக்குத் தருகிறார்கள். ருசிக்குக் குறைவில்லை. ஆனால் கம்பெனி ரொட்டியில் சேர்க்கப்படும் பூசணத் தடுப்பு மருந்து இவற்றில் இருப்பதில்லை. பக்குவமாக வைக்காவிட்டால் நஷ்டம் செய்தவருக்கு, கெட்ட பெயர் நமக்கு.

எங்கள் கடையில் ஓர் ஆனி மாதச் சாரலில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு அம்மா கொடுத்த நெய் பிஸ்கட் டின்னில் இடம் மிச்சம் இருக்கிறதே என்று பன்களையும் அடுக்கி மூடிவிட்டோம். மூன்றாம் நாள் திறந்தால் பிஸ்கட் நமத்துவிட்டது, பன் வறண்டு போயிருந்தது. பன்னில் இருந்த ஈரத்தைப் பிஸ்கட் இழுத்துக்கொண்டதே காரணம். தவறு எங்களுடையது என்பதால் அந்த அம்மாவுக்கு முழுப் பணமும் கொடுத்தோம். இரண்டு சரக்கையும் விற்க முடியவில்லை.

ஏலக்காய் கண்ட ஊருக்கு இது விளங்காததல்ல. ஸ்டோரில் சுமார் 10 சதவீத ஈரத்திற்கு உலர்த்திய காயை, உள்ளே கறுப்பு பாலித்தீன் வைத்த சாக்கில் கட்டுகிறோம். வெளி ஈரம் ஏறக்கூடாது, நிறமும் மணமும் போகக்கூடாது என்பதே நோக்கம். ரஸ்க், பிஸ்கட் ஆகியவையும் அப்படிப்பட்ட சரக்கே. பன், கேக் அதற்கு நேர்மாறு. அவற்றில் உள்ள ஈரம் போகக்கூடாது, அதே ஈரத்தில் பூசணமும் பிடிக்கக்கூடாது. இந்த ஒரு வேற்றுமையை மனதில் கொண்டால் மற்றவை எளிது.

கவனிக்க வேண்டியவை:

1. சூட்டோடு கட்டிய பாக்கெட்டை வாங்காதீர்கள். உள்ளே வியர்த்து நீர் கோத்து, அங்கேதான் முதலில் பூசணம் பிடிக்கும். நன்றாக ஆறிய பிறகே கட்டச் சொல்லுங்கள்.

2. மொறுமொறுப்பானவற்றைத் தகர டின்னிலோ இறுக்கமான மூடியுள்ள ஜாடியிலோ வையுங்கள். பெரிய டின்னை அடிக்கடி திறப்பதைவிட, சில்லறைக்குச் சிறிய ஜாடியில் மாற்றிக்கொள்வது நல்லது. போடிமெட்டு போன்ற பனிமூட்டமுள்ள இடங்களில் இது மிக அவசியம்.

3. பன், ரொட்டியை ஃபிரிட்ஜில் வைப்பது பலருக்குப் பழக்கம். பூசணம் தாமதமாகும் என்பது உண்மையே. ஆனால் அந்தக் குளிரில் மாவுச்சத்து விரைவில் இறுகி, ரொட்டி பழசாகிவிடும். பல நாள் வைக்க வேண்டுமானால் ஃபிரீசரில் உறைய வைக்கலாம். கிரீம் கேக்கை மட்டும் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும்.

4. ஏலக்காய், மிளகு மூட்டைகள், சோப்பு, மண்ணெண்ணெய் அருகில் வைக்காதீர்கள். வெண்ணெய், நெய் சேர்ந்த பண்டம் வாடையை எளிதில் பிடிக்கும். வெயில் படும் கண்ணாடி அலமாரியில் வைத்தால் நெய் சிக்கு வாடை அடிக்கும்.

5. ஒரு பன்னில் பூசணம் கண்டால் சுரண்டிவிட்டு விற்கக் கூடாது. அதன் நூல் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே ஓடியிருக்கும். அந்தப் பண்டத்தை அப்புறப்படுத்தி, டின்னைக் கழுவி, வெயிலில் உலர்த்திய பிறகே அடுத்த சரக்கைப் போட வேண்டும்.

6. செய்த தேதியை எழுதி வாங்குங்கள்; முதலில் வந்ததை முதலில் விற்றுவிடுங்கள். எங்கள் அனுபவத்தில் பன்னுக்கு இரண்டு நாள், மழைக்காலத்தில் அதற்கும் குறைவு. ஆகவே தினமும் கொஞ்சமாக வாங்குவதே லாபம்.

வீட்டிலிருந்து செய்து விற்பவர்களும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இல்லாதவருக்கு அதைச் செய்துகொள்ள வழிகாட்டுவது நமக்கும் பாதுகாப்பு.

கடைவீதியில் வாங்குபவர் சரக்கு சரியில்லை என்றால் திரும்பி வந்து மாற்றிக்கொள்வார். காலையில் வாங்கிய பன்னை மதியம் ஏலச்செடி நடுவே பிரித்துப் பார்க்கும் தொழிலாளிக்கு அந்த வழி இல்லை. அவர் நம்மை நம்பியே பாக்கெட்டை மடியில் கட்டிக்கொண்டு போகிறார். அந்த நம்பிக்கையைக் காப்பதும் நம் வியாபாரமே.