பெயர் ஒன்று, சரக்கு வேறு!

கம்ப்யூட்டரில் விளையாட ஆசைப்படும் பையன் வீட்டில் முதலில் நச்சரிப்பது கிராபிக்ஸ் கார்டுக்காகத்தான். விளையாட்டுக் காட்சிகளைக் கணக்குப் போட்டுத் திரையில் தீட்டிக் காட்டுவது அந்தக் கார்டு. விலையோ கொஞ்சநஞ்சமல்ல! அப்பாவின் பையில் கனம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வாங்கப்போகிறவரின் புத்தியிலாவது இருக்கவேண்டும்.

பணக்காரருக்குக் கவலையில்லை. விலை உயர்ந்ததாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடலாம். சிக்கனக்காரர்தான் இரண்டு கண்களையும் அகலத் திறந்து வைத்துக்கொள்ளவேண்டும். ஏனென்றால், பெயர் மாறாமல் சரக்கு மாறும் வேடிக்கை மலிவான கார்டுகளில்தான் அதிகம் நடந்திருக்கிறது.

தொட்டியும் குழாயும்

என்விடியா கம்பெனியின் ஜிடி 1030 கார்டு 2017-ல் வெளிவந்தது. மறு வருஷமே அதே பெயரில் இன்னொன்று வந்தது. இரண்டிலும் நினைவகம் 2 ஜிபி. ஆனால் முதல் கார்டில் விநாடிக்கு 48 ஜிகாபைட் தகவல் பாய்ந்தது. இரண்டாவதில் சுமார் 17 தான்! முன்னதில் இருந்தது ஜிடிடிஆர்5 நினைவகம்; பின்னதில் வேகம் குறைந்த டிடிஆர்4. தொட்டி ஒரே அளவு, குழாய்தான் சிறுத்துவிட்டது. தொட்டியின் அளவை மட்டும் கேட்டு வாங்கியவர் என்ன செய்வார், பாவம்!

2016-ல் வந்த ஜிடிஎக்ஸ் 1060 இன்னொரு ரகம். 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு வகை. வித்தியாசம் நினைவகத்தில் மட்டுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். உள்ளே கணக்குப் போடும் 'கோர்'களும் 1,280-லிருந்து 1,152 ஆகக் குறைந்திருந்தன.

ஆனால் குறைந்ததெல்லாம் மோசம் என்று சொல்லிவிடவும் முடியாது. 2022-ல் 8 ஜிபியுடன் வந்த ஆர்டிஎக்ஸ் 3050, 2024-ல் 6 ஜிபியாக இளைத்தது. வேகமும் குறைவுதான். ஆனால் அதற்கு 70 வாட் மின்சாரம் போதும். மதர்போர்டில் செருகும் இடத்திலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும். ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டரை வைத்திருப்பவர், புது பவர் சப்ளைக்குத் தனியாகச் செலவழிக்கவேண்டியதில்லை. அப்படிப்பட்டவருக்கு இளைத்த கார்டே லாபம்!

பழைய மதர்போர்டுக்காரர் கவனிக்கவேண்டியது இன்னொன்றும் உண்டு. ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி கார்டுக்குத் தகவல் போய்வரும் பாதைகள் நான்கே. மதர்போர்டு பிசிஐஇ 3.0 காலத்ததானால், அந்தப் பாதையின் வேகமும் பாதியாகிவிடும்.

செகண்ட் ஹாண்ட் ஆசை

கிராபிக்ஸ் கார்டுகளை இராப்பகலாக ஓடவிட்டு 'ஈத்தரியம்' நாணயம் திரட்டி வந்தார்கள். 2022 செப்டம்பரில் அந்த முறை நின்றுபோயிற்று. உழைத்துக் களைத்த கார்டுகள் செகண்ட் ஹாண்ட் சந்தைக்கு வந்தன. அவற்றிலும் நல்லவை உண்டு. ஆனால் பெயரின் வாலையும் படித்துப் பார்க்கவேண்டும். ஆர்எக்ஸ் 580 என்பதில் 2,304 கோர்கள். '2048எஸ்பி' என்ற வால் இருந்தால் 2,048 தான். அது ஆர்எக்ஸ் 570-க்குத்தான் சமம். 580-இன் விலையைக் கொடுப்பானேன்?

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் அரை மணி நேரம் ஏதாவது ஒரு விளையாட்டை ஓடவிட்டுப் பார்க்கலாம். திரையில் கோடும் புள்ளியும் தெறிக்கிறதா, விசிறி கரகரக்கிறதா என்பது அதற்குள் தெரிந்துவிடும். விற்பவர் "நேரமில்லை" என்றால், வாங்குபவருக்கும் நேரமில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.