எஞ்சினுக்குள் உறையும் கறுப்புச் சேறு



சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் தோட்டத்து வீடுகளின் முன்னாலும், தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தவர்களின் வாசலிலும் பழைய காடி ஒன்று நிற்பதை இன்றும் காணலாம். 1985-இல் வெளிவந்த புரோட்டோன் சாகாவும், 1994-இல் வந்த 660 சி.சி. கஞ்சிலும் இன்னும் சில வீடுகளில் உழைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. பிள்ளைகளைப் பள்ளியில் விடுவதும், வாரத்தில் மூன்று நாள் பாட்டியை இரத்தச் சுத்திகரிப்புக்கு அழைத்துப் போவதும், தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துத் திரும்புவதும் அதில்தான். அது ஒரு மாதம் பட்டறையில் கிடந்தால் வீட்டின் வரவு செலவே தடுமாறிவிடும். ஆகவே, இத்தகைய காடிகளின் எஞ்சினைச் சத்தமில்லாமல் கெடுக்கும் ஒரு கோளாறைப் பற்றி இன்று விளக்க விரும்புகிறேன்.

எஞ்சின் எண்ணெயை, அதாவது நாம் வழக்கமாக ‘மின்யாக் ஈத்தாம்’ என்று சொல்வதை, ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியின் உட்புறம் தேன் நிறத்திலோ பழுப்பாகவோ பளபளவென்று இருந்தால் கவலையில்லை. தார் போன்ற கறுப்புக் களிம்பு அப்பியிருந்தால் எஞ்சினுக்குள் சேறு பிடித்துவிட்டது என்று பொருள்.

நல்ல எண்ணெய் எப்படிச் சேறாகிறது? பால்மரக் காட்டில் வேலை செய்தவர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. வெட்டிய பாலை அப்படியே விட்டால் உறைந்துவிடும். அது உறையாமல் தொழிற்சாலை போய்ச் சேர அமோனியா கலப்பார்கள். எண்ணெயிலும் அதுபோன்ற மருந்து கலந்தே விற்கிறார்கள். கரியையும் அழுக்கையும் திரளவிடாமல் எண்ணெயிலேயே மிதக்கவைப்பது அதன் வேலை. எண்ணெய் கறுத்துப்போவது அந்த மருந்து வேலை செய்வதற்கு அடையாளமே தவிர, குற்றமல்ல. ஆனால் மருந்துக்கு ஓர் அளவு உண்டு. அது தீர்ந்த பிறகும் அதே எண்ணெயில் ஓட்டினால் அழுக்கெல்லாம் ஒன்றுகூடிக் கட்டிப்பால் போல் ஆகிவிடுகிறது.

இதில் தண்ணீருக்கும் பங்குண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்கும். எஞ்சின் நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் அந்த நீர் ஆவியாகி வெளியேறிவிடும். லயத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கு, பிறகு கடைக்கு, பிறகு வீட்டுக்கு என்று ஓடும் காடியில் அது வெளியேறுவதே இல்லை. ‘காடி அதிகம் ஓடவில்லையே, எண்ணெய் மாற்றுவானேன்’ என்று சிலர் கேட்கிறார்கள். அதிகம் ஓடாத காடிக்குத்தான் இந்த ஆபத்து கூடுதல்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நமது நாடு வெயில் நாடு, எஞ்சின் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று எண்ணித் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் சில பட்டறைகளில் இருந்து வந்திருக்கிறது. இது தவறான வைத்தியம். எஞ்சின் விரைவில் 80 பாகைக்கு மேல் சூடாக வேண்டும் என்பதற்காகவே அதை வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் தண்ணீரும் போகாது, பெட்ரோலும் போகாது, சேறு வளரும். எஞ்சினின் புகையை உறிஞ்சி வெளியேற்றும் பி.சி.வி. வால்வு அடைத்துக்கொண்டாலும் இதே கதைதான். அந்த வால்வு விலை குறைந்த சிறு சாமான். கழற்றிக் குலுக்கினால் ‘கடகட’ என்று சத்தம் வரவேண்டும்.

முற்றிவிட்ட சேற்றை என்ன செய்வது? இங்கேதான் பலர் எஞ்சினைப் பறிகொடுக்கிறார்கள். டீசலையோ மண்ணெண்ணெயையோ, டப்பாவில் விற்கும் கழுவு மருந்தையோ ஊற்றி எஞ்சினை ஓடவிட்டால் எல்லாம் கரைந்துவிடும் என்று எண்ணுகிறார்கள். இலேசான அழுக்குக்கு டப்பா மருந்து உதவலாம். கனத்த சேறு கரைவதில்லை; கட்டிகட்டியாகப் பெயர்ந்து அடித்தொட்டியில் விழுகிறது. அங்கே எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது. கட்டிகள் அதை மூடிக்கொண்டால் மேலே எண்ணெய் ஏறாது. தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் பேரிங்குகள் காய்ந்து சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிப்போகும். டீசலும் மண்ணெண்ணெயும் மெலிந்தவை என்பதால் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையே அவை நிற்பதுமில்லை.

சேற்றைக் கையால் எடுப்பதே சரியான வழி. எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றிக் களிம்பை மரச் சீவலாலும் துணியாலும் வழித்தெடுக்கச் சொல்லுங்கள். எண்ணெய் இறங்கும் துளைகளுக்குள் அதைத் தள்ளிவிடக் கூடாது. அடுத்து அடித்தொட்டியைக் கழற்றி, சல்லடையைச் சுத்தம் செய்து, புது கேஸ்கட் போட்டு மூடவேண்டும். ஃபோர்மேன் இதற்கு ஒரு நாள் கேட்பார், கூலியும் கேட்பார். கொடுத்துவிடுங்கள். எஞ்சின் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. பிறகு புது எண்ணெயும் புது ஃபில்டரும் போட்டு 500 கிலோமீட்டரில் ஒருமுறை, 1,000 கிலோமீட்டரில் ஒருமுறை இரண்டையும் மாற்றுங்கள். மிச்சமுள்ள அழுக்கைப் புது எண்ணெயில் உள்ள மருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்துவிடும். அதன் பின் 5,000 கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இதில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றினால் போதும்.

இந்த நாட்களில் எண்ணெய் விளக்கைக் கவனியுங்கள். எண்ணெய்க் குவளைப் படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தாலோ, மேலே ‘டக் டக்’ என்ற சத்தம் கூடினாலோ உடனே ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். வீடு பக்கம்தானே என்று ஓட்டிப் போகாதீர்கள். எண்ணெய் கறுப்பாக இல்லாமல் பால் கலந்த தேநீர் போல் வெளுத்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு நோய். சிலிண்டர் தலைக் கேஸ்கட்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்; அதைச் சரிசெய்யாமல் எண்ணெயை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பழைய காடிக்கு மட்டுமே இது வரும் என்பதுமில்லை. 1997 முதல் 2002 வரை விற்ற சில வகைக் காடிகளில் எஞ்சின் சேறு பற்றிய புகார்கள் குவிந்ததால், தொயோத்தா நிறுவனம் 2002-இல் அமெரிக்காவில் பழுதுச் செலவை ஏற்கும் திட்டம் ஒன்றையே அறிவிக்க நேர்ந்தது.

வடித்த பழைய எண்ணெயைக் கால்வாயில் ஊற்றாதீர்கள். 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அது நம் நாட்டில் பட்டியலிடப்பட்ட கழிவு. சொறி பிடித்த நாய்க்குத் தடவுவதும் வேண்டாம். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் கலந்திருக்கின்றன, நாய் அதை நக்கும், பிள்ளைகள் நாயைத் தொடுவார்கள். புது எண்ணெய் வந்த அதே டின்னில் ஊற்றி மூடி, பட்டறையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர்கள் அதைச் சேர்த்துவைத்துக் கழிவெண்ணெய் எடுப்பவர்களிடம் ஒப்படைப்பார்கள்.