அளவு தவறாமல் பேசட்டும் கணினிக் குரல்

மரவள்ளி பயிரிடும் சேலம், நாமக்கல் மாவட்ட விவசாயிகளுக்குப் பயிர்ப் பாதுகாப்புச் செய்திகள் உரிய நாளில் கிடைப்பது மிக அவசியமாகும். 2020இல் கேரளத்தில் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி இப்பகுதிக்கும் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. இதைக் கட்டுப்படுத்த அனாகைரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணிக் குளவிகள் 2022இல் தமிழகத்தில் விடப்பட்டன. குளவி விட்ட தோட்டத்தில் பூச்சிமருந்து தெளித்தால் குளவியும் மடிந்துவிடும்.

இத்தகைய எச்சரிக்கையைக் கைப்பேசியில் குரலாக அனுப்பினால், குறுஞ்செய்தி படிக்க இயலாதவர்களும் பயனடைவர். எழுத்தைப் பேச்சாக மாற்றும் கணினிக் குரல்கள் இன்று தமிழிலும் உள்ளன. உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இச்சேவையை அமைக்கும்போது கீழ்க்கண்டவற்றைக் கவனித்தல் வேண்டும்.

குரல் தேர்வு: மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இந்தியத் தமிழுக்குப் பல்லவி, வள்ளுவர் என்றும், இலங்கைத் தமிழுக்குச் சரண்யா, குமார் என்றும் தனித்தனிக் குரல்களை அளிக்கிறது. இப்பகுதிக்கு இந்தியத் தமிழ்க் குரலே பொருந்தும். குரலை அடிக்கடி மாற்றாதிருத்தல் நலம். பழகிய குரலானால் அழைப்பது யார் என்று விவசாயிகள் எளிதில் அறிவர்.

வேகம்: வேகத்தையும் இடைவெளியையும் எஸ்.எஸ்.எம்.எல். என்னும் குறியீடுகளால் அமைக்கலாம். வழக்கமான வேகத்தில் 10 முதல் 15 சதம் குறைத்து, மருந்தின் பெயருக்கும் அளவுக்கும் நடுவே 1 விநாடி நிறுத்தம் தரவும். அளவை இருமுறை சொல்ல வைக்கவும்.

எண்கள்: 17:17:17 உரத்தைக் கணினி கடிகார நேரமாக வாசித்துவிடக்கூடும். லிட்டருக்கு 0.5 கிராம் என்பதில் 'பூச்சியம் புள்ளி' காதில் விழாவிட்டால் 5 கிராமாகி, மருந்து 10 மடங்காகிவிடும். பயிர் கருகும், பணமும் வீண். ஆகவே 'அரை கிராம்', 'பதினேழு, பதினேழு, பதினேழு காம்ப்ளெக்ஸ்' என்று எழுத்தாலேயே எழுதவும். மி.லி. என்பதை 'மில்லி லிட்டர்' என்றும், ஒய்.டி.பி. 1 இரகத்தை 'ஏத்தாப்பூர் ஒன்று' என்றும் விரித்தெழுதவும்.

தடைச் சொற்கள்: 'தெளிக்காதீர்கள்' என்பதில் தடையைக் காட்டும் பகுதி சொல்லின் பின்பாதியில் உள்ளது. ஒலி சற்றே மங்கினாலும் பொருள் மாறிவிடும். 'மருந்து வேண்டாம்' என்று முதலிலேயே தனியாகச் சொல்லி, பின்னர் காரணம் கூறி, முடிவிலும் ஒருமுறை சொல்லுதல் நன்று.

சோதனை: சாதாரணத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியையே கடத்துகிறது. எனவே கணினியில் தெளிவாகக் கேட்பது தொலைபேசியில் மங்கலாம். பட்டன் கைப்பேசியில், மோட்டார் ஓடும் கிணற்றடியில் சில விவசாயிகளைக் கேட்கச் செய்து, அளவைத் திரும்பச் சொல்லச் சொல்லவும். ஒருவர் மாற்றிச் சொன்னாலும் வாக்கியத்தைத் திருத்திய பின்னரே அனுப்ப வேண்டும்.

செய்தியின் முடிவில் 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்ல வைக்கவும். அங்கே காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றி ஆலோசனை பெறலாம். அளவில் ஐயம் எழுந்தால், விவசாயிகள் கேட்டுத் தெளிந்த பின்னரே மருந்தைக் கலக்க வேண்டும்.