ஐந்து அடியும் ஒரு வெண்கலமும்

விரதங்களில் பல வகை உண்டு. சஷ்டி விரதம் இருப்பவர் ஆறு நாளில் எழுந்து விடுகிறார். ஏகாதசி இருப்பவருக்கு மறுநாள் காலையில் பாரணை. ஆனால் இந்திய ஹாக்கி அணியின் ரசிகராக இருப்பது என்னும் விரதத்தை மேற்கொண்டவருக்குப் பாரணை என்றைக்கு என்று எந்தப் பஞ்சாங்கத்திலும் போட்டிருப்பதில்லை. 1980-ம் வருஷம் மாஸ்கோவில், நம் தமிழ்நாட்டு ஸ்ரீ வி. பாஸ்கரன் தலைமையில் நமது அணி தங்கப் பதக்கம் வாங்கிற்று. அதற்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம், 2021-ல் டோக்கியோவில் கிடைத்த வெண்கலந்தான். இடையில் 41 வருஷம்! அந்த 41 வருஷத்தில், 2008-ல் ஒலிம்பிக் பந்தயத்துக்குள் நுழையவே முடியாமல் போயிற்று. 2012-ல் நுழைந்தோம், பன்னிரண்டு அணிகளில் பன்னிரண்டாவதாக வந்தோம். வேறு விரதமாக இருந்தால் பக்தர்கள் தெய்வத்தையே மாற்றியிருப்பார்கள்.

அருப்புக்கோட்டையை ஒட்டிய நமது பாளையம்பட்டியில் இந்த விரதம் இருப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணி விடலாம்; எண்ணிய பிறகும் விரல் மிச்சமிருக்கும். மற்றவர்கள் எல்லோரும் கிரிக்கெட் பக்தர்கள். இத்தனைக்கும் பஸ் ஏறினால் எட்டிவிடும் தூரத்தில், தென்மேற்கே, கோவில்பட்டி இருக்கிறது. கடலை மிட்டாய்க்குப் பெயர் போன அந்த ஊர் ஹாக்கிக்கும் பெயர் போனது. அவ்வூர் மாரீஸ்வரன் சக்திவேல் 2022-ம் வருஷத்து ஆசியக் கோப்பைப் பந்தயத்தில் இந்தியாவின் சட்டையை அணிந்து ஆடினார். அதே கரிசல் காற்றுத்தான் நம் ஊரிலும் வீசுகிறது. ஆனால் அது ஹாக்கியைக் கோவில்பட்டியிலேயே இறக்கி வைத்து விட்டு, வெறுங்கையுடன் இங்கே வந்து சேருகிறது.

இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்து கொண்டு 2024-ம் வருஷத்து ஹாக்கிப் பருவத்தை நாம் அனுபவித்த கதையை, நேயர்களுக்குப் படலம் படலமாகச் சொல்லலாம் என்று உத்தேசம்.

பங்குனி: பெர்த் படலம்

ஒலிம்பிக்குக்கு முன்னால் பலசாலியுடன் மோதிப் பார்க்க வேண்டும் என்று நம்மவர்கள் ஏப்ரல் மாதத்தில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார்கள். பெர்த் நகரில் ஐந்து ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் 5-1 என்று தோற்றோம். இரண்டாவதில் 4-2. மூன்றாவதில் 2-1. நான்காவதில் 3-1. ஐந்தாவதில் 3-2. ஆக, நாம் போட்ட கோல்கள் 7. வாங்கிக் கொண்டவை 17.

உண்மையான ரசிகர் இம்மாதிரிக் கணக்கைக் கண்டு கலங்க மாட்டார். கோல் வித்தியாசத்தை வரிசையாக எழுதிப் பாருங்கள்: நான்கு, இரண்டு, ஒன்று, இரண்டு, ஒன்று. நோய் இறங்குமுகமாக இருக்கிறதல்லவா? நான்காம் நாள் சற்றே ஜுரம் ஏறியது வாஸ்தவம்; எந்த ஜுரமும் அப்படித்தான். இந்தக் கணக்கை எதிர்வீட்டு நெசவுக்காரப் பெரியவரிடம் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வாத்தியாரய்யா, அஞ்சு தறியிலும் இழை அறுந்து போச்சுன்னா, கடைசித் தறியிலே கொஞ்சம் மெதுவா அறுந்ததுன்னு சொல்லி யாரும் கூலி கொடுக்க மாட்டாங்க" என்றார்.

ஐந்தாவது ஆட்டம் நடந்தது ஏப்ரல் 13-ந் தேதி. மறுநாள் சித்திரை முதல் தேதி. பிறந்த வருஷத்தின் பெயர் குரோதி. குரோதம் என்றால் கோபம். நமக்கு அது மிகவும் பொருத்தமாகவே தோன்றியது.

கோடையிலும் ஆறுதல் இல்லை. உலக ஹாக்கி சம்மேளனம் நடத்தும் புரோ லீக் பந்தயத்தில் ஒன்பது அணிகளுக்குள் ஏழாவதாக நின்றோம். இதற்கிடையில் ஜூன் 29-ந் தேதி பார்படாஸ் தீவில் நம் கிரிக்கெட் வீரர்கள் உலகக் கோப்பையை வென்றார்கள். தெருவெல்லாம் வெடிச் சத்தம். நாமும் சந்தோஷப்பட்டோம், இந்தியா ஜயித்தால் சந்தோஷப்படாமல் இருக்க முடியுமா? ஆனாலும் பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் விருந்து சாப்பிடும்போது, நம் வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையவில்லையே என்று ஒரு நினைவு வருமே, அது வந்தது.

பாரிஸுக்குப் போகுமுன் நம் வீரர்களை ஸ்விட்ஜர்லாந்து மலைகளுக்கு அழைத்துப் போய், மைக் ஹார்ன் என்னும் சாகசப் பிரயாணியிடம் மூன்று நாள் பயிற்சிக்கு விட்டார்கள். மலையேறினால் பந்து கோலுக்குள் போகுமா என்று அப்போது நமக்குச் சந்தேகந்தான்.

ஆடி: பாரிஸ் படலம்

ஜூலை 27-ந் தேதி இரவு ஒன்பது மணிக்கு நியூஸிலாந்துடன் முதல் ஆட்டம். ஒரு கோல் வாங்கினோம். இரண்டு கோல் போட்டோம். மறுபடியும் ஒன்று வாங்கினோம். ஆட்டம் மொத்தம் 60 நிமிஷம். 59-வது நிமிஷத்தில் தலைவர் ஸ்ரீ ஹர்மன்ப்ரீத் சிங் பெனால்டி ஸ்ட்ரோக் அடித்து 3-2 என்று காப்பாற்றினார். இரண்டு நாள் கழித்து அர்ஜெண்டீனாவுடன் ஆடியபோது, மறுபடியும் அதே 59-வது நிமிஷத்தில் அவரே ஒரு கோல் அடித்து 1-1 என்று சமமாக்கினார். கடைசிப் பஸ் புறப்படும்போது ஓடி வந்து தொற்றிக் கொள்ளும் நம் ஊர்ப் பழக்கம் பஞ்சாபிலும் இருக்கிறது போலும்!

இந்த ஹர்மன்ப்ரீத் சிங்கின் வித்தையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோலுக்கு முன்னுள்ள அரைவட்டத்துக்குள் எதிரணி தவறு செய்தால் பெனால்டி கார்னர் கிடைக்கும். கோல் கோட்டிலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளுவார். அரைவட்டத்தின் விளிம்பில் இன்னொருவர் அதை நிறுத்துவார். மூன்றாமவர் மட்டையால் அதை வாரி இழுத்துக் கவண்கல்லைப் போல் எறிவார். இவ்வளவும் கண் மூடித் திறப்பதற்குள் நடந்து விடும். எதிரே கோல் காவலரும் நால்வரும் பாய்ந்து வருவார்கள். அந்த எறிதலில் நம் தலைவர் கைதேர்ந்தவர். பாரிஸில் இந்தியா போட்ட 15 கோல்களில் 10 அவருடையவை. அந்த ஒலிம்பிக்கில் அவரைவிட அதிகமாக யாரும் போடவில்லை.

அயர்லாந்தை 2-0 என்று வென்றோம். பெல்ஜியத்திடம் 2-1 என்று தோற்றோம். ஆகஸ்டு 2-ந் தேதி, ஆடி வெள்ளிக்கிழமை மாலை, மறுபடியும் ஆஸ்திரேலியா வந்து நின்றது! பங்குனியில் அடித்த அதே ஆஸ்திரேலியா. நெசவுக்காரப் பெரியவர் தாமாகவே வந்து உட்கார்ந்தார். ஆறாவது தறியையும் பார்த்து விடலாம் என்ற எண்ணம்.

பன்னிரண்டாவது நிமிஷத்தில் அபிஷேக் ஒரு கோல். பதின்மூன்றாவது நிமிஷத்தில் ஹர்மன்ப்ரீத் ஒரு கோல். அப்புறம் இன்னும் ஒன்று. ஆட்டம் முடிந்தபோது 3-2. இந்தத் தடவை 3 நம்முடையது. 1972-ல் மியூனிக்கில் வென்ற பிறகு ஒலிம்பிக்கில் ஆஸ்திரேலியாவை நாம் வென்றது அன்றுதான். 52 வருஷம் ஆயிற்று. பெரியவர் எழுந்து வேஷ்டியை உதறிக் கட்டிக் கொண்டு, "அங்கே அறுந்ததெல்லாம் பழைய நூல் போலிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அதற்கு இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, ஆடி அமாவாசை. பிதுர்களுக்குப் படைத்துவிட்டு, வடை பாயசத்துடன் சாப்பிட்டு எழுந்தால் பகல் ஒன்றரை மணிக்குக் கால் இறுதி ஆட்டம். எதிரி யார் என்கிறீர்கள்? பிரிட்டன்! பதினேழாவது நிமிஷத்தில் அமித் ரோஹிதாஸின் மட்டை எதிரணி வீரர் ஒருவரின் முகத்தில் பட்டது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது நம் அபிப்பிராயம். நடுவர்கள் நம் அபிப்பிராயத்தைக் கேட்கவில்லை. சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பி விட்டார்கள். மீதி 43 நிமிஷமும் பதினொருவருக்கு எதிரே பத்துப் பேர்.

நேயர்களே! அந்தப் பத்துப் பேர் முதலில் கோல் போட்டார்கள் என்றால் நம்புவீர்களா? ஹர்மன்ப்ரீத் 22-வது நிமிஷத்தில் போட்டார். பிரிட்டன் 27-வது நிமிஷத்தில் சமன் செய்தது. அப்புறம் நடந்தது ஆட்டமல்ல, கோட்டை முற்றுகை. அலை அலையாக வந்தார்கள். அத்தனையையும் தடுத்தவர் கோல் காவலர் ஸ்ரீஜேஷ். (பெயரிலேயே ஸ்ரீ இருப்பதால் தனியாக ஒன்று சேர்க்கவில்லை.) 1-1 என்று முடிந்து ஷூட்-அவுட் வந்தது. ஒவ்வொரு அணியிலும் ஐந்து பேர். ஒருவர் ஒருவராகப் பந்துடன் புறப்பட்டு, எட்டே விநாடிக்குள் கோல் காவலரை ஏமாற்ற வேண்டும். நம் ராஜ்குமார் பால் கடைசியாகப் பந்தை உள்ளே செலுத்தியபோது 4-2.

1948-ம் வருஷம் ஆகஸ்டு 12-ந் தேதி, சுதந்திரம் பெற்று ஒரு வருஷங்கூட நிறையாத இந்தியா, லண்டன் வெம்பிளி மைதானத்தில் இதே பிரிட்டனை 4-0 என்று வென்று தங்கம் பெற்றது. அன்று ஆடியவர்களும் நமக்கு ஒருவகையில் பிதுர்கள்தாமே? ஆடி அமாவாசையன்று அவர்களுக்கும் திருப்தியாக ஒரு பிண்டம் கிடைத்திருக்கும்.

ஆகஸ்டு 6-ந் தேதி இரவு பத்தரை மணிக்கு ஜெர்மனியுடன் அரை இறுதி. ரோஹிதாஸுக்கு ஆடத் தடை. முதல் கோல் நம்முடையது. பிறகு 2-1 என்று பின்தங்கினோம். 2-2 என்று எட்டிப் பிடித்தோம். 54-வது நிமிஷத்தில் ஜெர்மனி மூன்றாவதைப் போட்டுவிட்டது. நள்ளிரவு தாண்டி விளக்கை அணைத்தோம். அன்றிரவைப் பற்றி வேடிக்கையாக எழுத ஒன்றுமில்லை. எதிர்வீட்டிலும் வெகுநேரம் விளக்கு எரிந்தது என்று மட்டும் சொல்லலாம்.

ஒரு நாள் இடைவெளிக்குப் பின் ஸ்பெயினுடன் வெண்கலத்துக்கான ஆட்டம். அதுவே ஸ்ரீஜேஷ் ஆடும் கடைசி ஆட்டம் என்று முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். கேரளத்துக் கிழக்கம்பலம் என்ற ஊர்க்காரர். 2012-ல் லண்டனில் நாம் பன்னிரண்டாவதாக வந்தோமே, அந்த அணியிலும் இருந்தவர். அவமானத்துடன் ஊர் திரும்பியும் மட்டையைக் கீழே வைக்காமல், நான்கு ஒலிம்பிக் பந்தயங்களில் கோலைக் காத்தவர். ஸ்பெயின் முதலில் ஒரு கோல் போட்டது. ஹர்மன்ப்ரீத் 30-வது நிமிஷத்தில் ஒன்றும், 33-வது நிமிஷத்தில் ஒன்றும் போட்டார். கடைசி நிமிஷத்தில் ஸ்பெயினுக்குப் பெனால்டி கார்னர் கிடைத்தது. கூடத்தில் யாரும் மூச்சு விடவில்லை. நம் வீட்டுக்கு வந்திருந்த மூதாட்டி ஒருவர், "ஏப்பா, அந்தத் தலைக்கவசம் போட்ட பிள்ளை பார்த்துக்கிடும், பயப்படாதே" என்றார். பிள்ளை பார்த்துக் கொண்டது. 2-1.

1968, 1972-க்குப் பிறகு, அடுத்தடுத்த இரண்டு ஒலிம்பிக்கில் ஹாக்கிப் பதக்கம் வாங்கியது இதுவே முதல் தடவை. ஸ்ரீஜேஷ் அணிந்திருந்த 16-ம் நம்பர் சட்டையை இனி சீனியர் அணியில் எவருக்கும் கொடுப்பதில்லை என்று ஹாக்கி இந்தியா முடிவு செய்தது.

ஆவணி, ஐப்பசி: மீதிப் படலங்கள்

செப்டம்பரில் சீனாவின் ஹுலுன்பியர் நகரத்தில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பைப் பந்தயம். ஏழு ஆட்டம், ஏழிலும் ஜயம். 26 கோல் போட்டோம், 5 வாங்கினோம். ஆனால் இறுதி ஆட்டத்தில் சீனா 51-வது நிமிஷம் வரை நம்மைத் திணற அடித்தது. ஜுக்ராஜ் சிங் போட்ட ஒற்றைக் கோலால் தப்பினோம். சுகமாக ஜயிப்பது நம் அணிக்குப் பிடிக்காத விஷயம்.

அக்டோபர் 23, 24-ந் தேதிகளில் ஜெர்மனி டில்லிக்கே வந்தது. முதல் நாள் 2-0 என்று தோற்றோம். மறுநாள் அதே ஜெர்மனியை 5-3 என்று வென்றோம். இரண்டு நாளும் சமமானதால் ஷூட்-அவுட் வைத்தார்கள்; அதில் 3-1 என்று தோற்றோம். ஒரே இரண்டு நாளில் அழுது, சிரித்து, மறுபடியும் அழும் சௌகரியம் வேறு எந்த விளையாட்டில் கிடைக்கும்? நவம்பரில் உலக சம்மேளனம் அந்த வருஷத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஹர்மன்ப்ரீத் என்றும், சிறந்த கோல் காவலர் ஸ்ரீஜேஷ் என்றும் விருது அளித்தது. பங்குனியில் நம்மைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அந்தச் செய்தியை வீடு வீடாகச் சென்று படித்துக் காட்டினோம்.

பங்குனியை வைத்து வருஷத்தைச் சொல்லாதே

"எப்போது பார்த்தாலும் தோற்கிற அணிக்கு எதற்கு ஸார் கை தட்ட வேண்டும்?" என்று ஒரு பையன் நம்மைக் கேட்டான். நியாயமான கேள்வி. அவனை ஊருக்கு வெளியே மானாவாரிக் காட்டைப் பார்க்கச் சொன்னோம். திருச்சுழி வரைக்கும் நடந்தாலும் பங்குனி, சித்திரையில் கரிசல் மண் விரல் நுழையும்படி வெடித்துக் கிடக்கும். அதைப் பார்த்து, "இந்த நிலம் உதவாது" என்று விற்றுவிட்டுப் போகிறவர் சம்சாரி அல்ல. போன வருஷம் மழை ஏமாற்றியிருக்கலாம். அதற்கு முந்திய வருஷமும் ஏமாற்றியிருக்கலாம். ஐப்பசி மழை வருமென்று உறுதி கூற யாருமில்லை. இருந்தும் விதையை எடுத்து வைக்கிறார், கலப்பையைச் செப்பனிடுகிறார். மழை வருகிற வருஷத்தில், விதைத்தவன் காட்டில்தான் பயிர் முளைக்கும். பெர்த்தில் ஐந்து அடி வாங்கியவர்கள் அங்கேயே மட்டையைப் போட்டிருந்தால், ஆடி வெள்ளியன்று ஆஸ்திரேலியாவை வெல்ல ஆள் இருந்திருக்காது. ரசிகன் பாடும் அதுவே.

பையனுக்கு இந்த உபந்நியாசம் பிடித்ததோ என்னவோ! ஆனால் 2025 நவம்பர், டிசம்பரில் இளைஞர் உலகக் கோப்பைப் பந்தயம் சென்னையிலும் நம் மதுரையிலும் நடந்தபோது, மட்டை எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக் கொண்டு வந்தான். அந்த இந்திய இளைஞர் அணிக்குப் பயிற்சியாளர் வேறு யாருமல்ல, ஸ்ரீஜேஷ்தான். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் அர்ஜெண்டீனாவிடம் இரண்டு கோல் வாங்கிக் கொண்டு நின்ற பிள்ளைகள், கடைசியில் நான்கு கோல் போட்டு ஜயித்தார்கள். குருவின் வித்தை சிஷ்யர்களுக்கும் வந்து விட்டது.

இனி ஏதாவது ஒரு பங்குனியில் நம் அணி மறுபடியும் ஐந்து ஆட்டம் தோற்கலாம். அப்போது நேயர்கள் தாராளமாகப் பாளையம்பட்டிக்கு வரலாம். காப்பி உண்டு; கோல் வித்தியாசக் கணக்கும் உண்டு. எதிர்வீட்டுப் பெரியவரை மட்டும் அந்தச் சமயத்தில் எதுவும் கேட்க வேண்டாம்.