தோட்டத்து மருந்துகள் – 9: கசப்பு வேரும் சர்க்கரை நோயும்

சென்ற வாரம் நிலவேம்பைப் பார்த்தோம். இந்த வாரம் இன்னொரு கசப்புக்கு வருவோம். சுங்கை பட்டாணி பசார் மாலாமில் ஒரு சுற்று வந்தால் தொங்காட் அலியின் பெயர் எப்படியும் கண்ணில் பட்டுவிடும்.

காட்டு மரங்களின் நிழலில் ஒல்லியாக நிமிர்ந்து, உச்சியில் மட்டும் இலை விரிக்கும் சிறுமரம் அது. ஆணிவேர்தான் மருந்து. தோண்டினால் மரம் போய்விடும்; வேர் முற்றவோ குறைந்தது நான்கைந்து ஆண்டுகள் வேண்டும். காய்ச்சலுக்கும், பிள்ளை பெற்றவள் உடம்பு தேறவும் மலாய்க் கிராமங்களில் இதைக் காய்ச்சிக் கொடுத்தார்கள். ஆண்மைக்கு என்பது பல பயன்களில் ஒன்று. விளம்பரக்காரர்கள் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டார்கள்.

நம் முன்னோர் கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த மருந்தறிவு வேறு: அமுக்கரா, நெருஞ்சில், தண்ணீர்விட்டான் கிழங்கு, பூனைக்காலி. பூனைக்காலி விதையைப் பாலில் அவித்துச் சுத்தி செய்த பிறகே சூரணத்தில் சேர்ப்பார்கள். நல்ல சித்த வைத்தியர் மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் நாடி பார்ப்பார். தூக்கம், பசி, மனக்கவலை எல்லாம் விசாரிப்பார். எனக்கு அந்த விசாரிப்புதான் சூரணத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. இன்று வேர் கிடைக்கிறது, விசாரிக்க ஆளில்லை.

வேரில் ஒன்றுமே இல்லை என்று சொல்லமாட்டேன். சிறிய ஆய்வுகள் சிலவற்றில் ஆண்களுக்கு ஓரளவு முன்னேற்றம் தெரிந்திருக்கிறது. வேர்ச்சாற்றில் யூரிகோமனோன் 0.8 முதல் 1.5 விழுக்காடு இருக்கவேண்டும் என 2011இல் மலேசியத் தரவிதியும் வந்தது. ஆனால் 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இச்சாற்றின் பாதுகாப்பு நிறுவப்படவில்லை என்றது. மரபணுவைச் சேதப்படுத்தக்கூடும் என்பது அவர்கள் கவலை.

அதைவிடக் கிட்டத்து ஆபத்து பொட்டலத்துக்குள் இருக்கிறது. ‘முழுக்க மூலிகை’ என்று விற்ற காப்பித் தூளிலும் கேப்சூலிலும் சில்டெனாஃபில், டடாலாஃபில் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வயாகராவில் உள்ள மருந்தே சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவர் இதைத் தெரியாமல் குடித்தால், ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம். குடித்த அன்றே ‘வேலை செய்கிறது’ என்றால், அது வேரின் வேலைதானா என்று சந்தேகப்படுங்கள். பதிவுபெற்ற பாரம்பரிய மருந்தில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி ‘டி’யில் முடியும் எண் இருக்கும், தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. எல்லா இனத்தையும் சேர்த்தால் 18.3தான். விடியுமுன் எழுந்து பால்மரம் பால்மரமாக நடந்தவர்களின் பிள்ளைகள் இன்று கூலிம் தொழிற்சாலைகளில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறார்கள், லோரி ஓட்டுகிறார்கள். இனிப்பான தே தாரேக் மட்டும் குறையவில்லை. சர்க்கரை நரம்பையும் ரத்தக்குழாயையும் அரிக்கிறது. ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடச் சிறியது என்பதால் அடைப்பின் அறிகுறி ஆண்மைக் குறைவாக அங்கே முதலில் தெரியக்கூடும். மாரடைப்புக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பேகூட. உடம்பு இவ்வளவு முன்கூட்டிச் சொல்வதை, வெட்கத்தால் ஒரு காப்பிப் பொட்டலத்தில் மூடி வைக்கிறோம். மனைவியிடம்கூடச் சொல்லாமல்.

அரசாங்க கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்க்கலாம். கூச்சமாக இருந்தால் ஆண் டாக்டர் வேண்டுமென்று கவுண்டரில் கேட்டுப்பாருங்கள். சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குடிக்கும் வேர், சூரணம், காப்பி எதையும் மறைக்காமல் எடுத்துப்போய்க் காட்டுங்கள். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளே ஆண்மைக் குறைவைத் தருவதுண்டு. அதை நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டர் மாற்றித் தருவார்.

பெண்கள் குடிக்கும் காச்சிப் ஃபாத்திமாவை அடுத்த வாரம் பார்ப்போம்.