கைதட்டலும் குடியுரிமையும்

கிரிக்கெட் ஆட்டம் பார்க்க வந்தவன் எந்தக் குழுவுக்குக் கை தட்டுகிறான் என்பதைக் கொண்டு, அவன் எந்த நாட்டுக்கு உரியவன் என்று தீர்மானித்துவிட முடியுமா? முடியும் என்று கருதினார் பிரிட்டனில் மந்திரியாக இருந்த நார்மன் டெபிட். ஆசியாவிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் அங்கே குடியேறியவர்கள், விட்டு வந்த நாட்டுக்காக ஆரவாரம் செய்கிறார்களா, குடிபுகுந்த நாட்டுக்காகச் செய்கிறார்களா என்று பார்த்தால் அவர்கள் உள்ளம் விளங்கிவிடும் என்ற கருத்தை அவர் 1990-இல் வெளியிட்டார். அதற்குக் 'கிரிக்கெட் பரீட்சை' என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மாணவர்களாகிய நீங்கள் பரீட்சைகளை நன்கு அறிந்தவர்கள். வினாவே பிழையானால், விடையைக் கொண்டு எதனை அளப்பது? இவ்வினா எத்தகையது என்று அறிய, அதற்கு 40 ஆண்டுகள் முன்னே சென்று லண்டன் லார்ட்ஸ் மைதானத்தைக் காண்போம்.

1950 ஜூன் மாதம். மேற்கிந்தியக் குழு இங்கிலாந்து மண்ணில் அதுவரை ஒரு டெஸ்ட் பந்தயத்திலும் வென்றதில்லை. அன்று 326 ஓட்ட வித்தியாசத்தில் வென்றது. இங்கிலாந்தின் 20 விக்கெட்டுகளில் 18-ஐ வீழ்த்தியவர்கள், 21 வயது ராமாதீனும் 20 வயது வாலண்டைனும். ராமாதீன் யார் தெரியுமா? கரும்புத் தோட்டங்களில் உழைக்க இந்தியாவிலிருந்து திரினிடாட் தீவுக்குக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல். ஆட்டம் முடிந்ததும், மேற்கிந்திய ரசிகர்கள் மைதானத்துக்குள் இறங்கிப் பாடியவாறே வலம் வந்தனர். முன்னே சென்றவர் 'லார்டு கிச்சனர்' என்ற புனைபெயர் பூண்ட திரினிடாட் பாடகர். 1948-இல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பலில் இங்கிலாந்துக்கு வந்து இறங்கியவர் அவர்.

அவ்வாறு ஆடிப் பாடியவர்கள் சட்டப்படி பிரிட்டிஷ் பிரஜைகளே. ஆனால், வாடகைக்கு அறை தேடிச் சென்றால், நிறத்தவருக்கு இடமில்லை என்ற அறிவிப்பு அவர்களை எதிர்கொண்ட காலம் அது. தலை நிமிர்ந்து நிற்க அவர்களுக்கு அன்று ஓரிடம் கிடைத்தது. அது பந்தாட்ட மைதானம்.

இன்னொன்றும் கருதத்தக்கது. 'மேற்கிந்தியா' என்று ஒரு நாடு உலகப் படத்தில் இல்லை. ஜமெய்க்காவுக்கும் திரினிடாடுக்கும் இடையே ஆயிரம் மைல் கடல் கிடக்கிறது. அத்தீவுகளை இணைத்து 1958-இல் அமைந்த கூட்டாட்சி 1962-இல் கலைந்துபோயிற்று. கிரிக்கெட் குழுவோ கலையவில்லை. ஊரில் ஜமெய்க்கராகவும் பார்படோஸ்காரராகவும் இருந்தவர்கள், லண்டனில் ஒரே தெருவில் வாழ்ந்து ஒரே அவமதிப்பைத் தாங்கியபோதுதான் தம்மை மேற்கிந்தியர் என்று உணரத் தலைப்பட்டார்கள். ஆகவே அந்த ஆரவாரம் ஊரிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு வந்த பழம்பற்று மட்டும் அன்று. பாதிக்கு மேல் இங்கிலாந்திலேயே விளைந்தது என்பது என் எண்ணம்.

1976-இல் இங்கிலாந்துக் குழுத் தலைவர் டோனி கிரெய்க், மேற்கிந்தியரை மண்டியிட்டுத் தவழச் செய்யப்போவதாகத் தொலைக்காட்சியில் கூறிவிட்டார். அத்தொடரில் மேற்கிந்தியர் மூன்று பந்தயங்களில் வென்றனர். இங்கிலாந்து ஒன்றிலும் வெல்லவில்லை. இறுதியில் ஓவல் மைதானத்தில், ரசிகர்கள் முன்னிலையில் கிரெய்க்கே சில அடி தவழ்ந்து காட்டினார். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்தவர். இங்கிலாந்துக்குத் தலைமை தாங்க அது தடையாகவில்லை.

டெபிட் பேசிய அதே 1990-இல் இங்கிலாந்துக்காக முதன்முதல் ஆடியவர் நாசர் ஹுசைன். நம் சென்னையில் 1968-இல் பிறந்தவர். 1999-இல் இங்கிலாந்துக் குழுவின் தலைவரானார். அவரும் 2001-இல், பிரிட்டனிலேயே பிறந்த ஆசிய இளைஞர்கள் ஏன் இங்கிலாந்தை ஆதரிக்கக் கூடாது என்று வருந்திக் கேட்டார். அவர் வருத்தம் உண்மையானதே; அதனை எள்ளுவதற்கில்லை. ஆனால், எஸெக்ஸ் குழு அவரைச் சிறு வயதிலேயே தன் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது. பார்வையாளர் வரிசையில் பச்சைச் சட்டை அணிந்து பாகிஸ்தானுக்குக் குரல் கொடுத்த இளைஞனை அப்படி எந்தக் குழு அழைத்தது?

லார்ட்ஸில் 11 விக்கெட் வீழ்த்திய ராமாதீன், பின்னர் வட இங்கிலாந்திலேயே குடியேறி, லங்காஷயர் குழுவுக்கும் ஆடினார், 2022-இல் மறைந்தார். 2011-இல் அதே லங்காஷயர் கவுண்டி சாம்பியன் பட்டம் வென்றபோது, பந்து வீசியவர்களுள் ஒருவர் கைல் ஹாக். ராமாதீனின் மகள் வயிற்றுப் பேரர்.